சைரன் அலறும் இரவில் யாரும் ஏன் எழுந்து வருவதில்லை?

இரவு இரண்டு மணி. புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய ஏதோ ஒரு சந்தில், பூட்டிக் கிடக்கும் கடைக்குள்ளிருந்து சைரன் அலறுகிறது. தெருநாய்கள் குரைக்கின்றன. எதிர்மாடியில் ஒரு விளக்கு எரிந்து அணைகிறது. கால் மணி நேரம் ஆகியும் ஒருவரும் படி இறங்கி வரவில்லை. மறுநாள் காலை டீக்கடையில், “ராத்திரி முழுக்கத் தூக்கமே போச்சு” என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. “திருடன் வந்தானா?” என்று கேட்பவர் இல்லை.

இவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரியைப் புரட்டிப் போட்டபோது, விழுந்த மரங்களை வெட்டி வழி திறந்தவர்கள் இவர்கள்தாம். அக்கம்பக்கத்தார் கூப்பிட்டால் ஓடி வருகிறவர்கள், இயந்திரம் கூப்பிட்டால் மட்டும் ஏன் புரண்டு படுக்கிறார்கள்?

சோம்பல் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அது சரியான விடை இல்லை. அவர்கள் படுத்த படுக்கையிலேயே ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கு சரியாகவும் இருக்கிறது. அதைப் பார்க்கும் முன், அலாரம் ஏன் வீணாக அலறுகிறது என்று பார்ப்போம்.

சென்சாருக்கு ஆளைத் தெரியாது

கடை மூலையில், கூரைக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். அதுதான் அலாரத்தின் சென்சார். முகப்பில் பால் நிற பிளாஸ்டிக். நம் ஊரில் பலரும் இதைக் கேமரா என்று நினைக்கிறார்கள். இதற்குள் படம் பிடிக்கும் எதுவும் கிடையாது.

சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. மனிதத் தோலின் வெப்பம் சுமார் 33, 34 பாகை செல்சியஸ். சுவரும் தரையும் வேறு வெப்பத்தில் இருந்தால், அந்தப் பின்னணியில் மனிதன் தனியாகத் துலங்குவான். பெட்டிக்குள் இருக்கும் சிறு படிகம், தன்மேல் விழும் வெப்பம் மாறும்போது மின்னூட்டம் காட்டும். இதை வெப்பமின் படிகம் எனலாம். படிகம் இரண்டு துண்டுகளாக, ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். அறை முழுவதும் மெல்லச் சூடேறினால் இரண்டும் ஒரே அளவில் மாறி, ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஆள் குறுக்கே நடந்தால் முதலில் ஒரு துண்டு, பிறகு மற்றது. மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பெட்டி திருடன் என்று எடுத்துக்கொள்கிறது.

முகப்பில் உள்ள பால் நிற பிளாஸ்டிக்குக்கும் புதுச்சேரிக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. கடற்கரைச் சாலையில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம் 1836-இல் ஒளிரத் தொடங்கியது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கூட முந்தாத காலத்தில், பிரெஞ்சுப் பொறியாளர் ஒகுஸ்தேன் பிரெனெல், கலங்கரை விளக்கங்களுக்காக ஒரு லென்ஸை வடிவமைத்தார். தடித்த கண்ணாடியைப் படிப்படியாகச் செதுக்கி, எடையைக் குறைத்து, வளைவை மட்டும் வைத்துக்கொண்ட லென்ஸ் அது. சென்சாரின் முகப்பில் இருப்பதும் அதே பிரெனெல் லென்ஸ்தான். அங்கே விளக்கொளியைத் திரட்டிக் கடலுக்கு அனுப்பியது. இங்கே அறையின் வெப்பக் கதிரைத் திரட்டிப் படிகத்துக்கு அனுப்புகிறது. அறையைப் பல பட்டைகளாகப் பிரித்தும் கொடுக்கிறது. பட்டையிலிருந்து பட்டைக்குத் தாவும் சூடு எதுவாக இருந்தாலும் படிகம் துடிக்கும்.

எதுவாக இருந்தாலும் என்பதில்தான் சிக்கல். கருவி மூடிய அறையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. நம் வைசியாள் வீதி வீடுகளை எண்ணிப் பாருங்கள். திண்ணை, நடை, தாழ்வாரம், நடுவே வானம் பார்த்த முற்றம். பகலில் மேகம் விலகியதும் முற்றத்துத் தரையில் வெயில் சட்டென்று விழுகிறது. மேகம் மூடியதும் மறைகிறது. கடற்காற்று ஓட்டு விளிம்பில் சூடான காற்றை உள்ளே தள்ளுகிறது. இரவில் பூனை கூரையிலிருந்து குதித்துத் தாழ்வாரத்தைக் கடக்கிறது. இவை எல்லாமே சென்சாருக்கு ‘நகரும் சூடு’. அலாரம் வாங்கியவர் குறை சொல்வது கருவியை. உண்மையில் பழுதான கருவி எதுவும் அங்கே இல்லை. அந்த வீட்டுக்கு அந்தக் கருவி பொருந்தவில்லை.

பல்லியின் கதை வேறு. தூரத்துச் சுவரில் ஓடும் பல்லியை சென்சார் பொருட்படுத்தாது. அதன் உடல் சிறியது, வெப்பமும் சுவரின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். அதே பல்லி பூச்சியைத் துரத்திக்கொண்டு லென்ஸ் மீதே ஏறினால், ஒரு பட்டை முழுவதையும் மறைத்துவிடும். அறைக்குள் பெரிய உருவம் நகர்ந்ததற்கும் இதற்கும் படிகத்துக்கு வேறுபாடு தெரியாது.

மே மாதப் பிற்பகலில் நிலைமை தலைகீழ். பூட்டிய கடைக்குள் வெப்பம் 35 பாகையை நெருங்கும்போது, மனிதத் தோலும் சுவரும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும். பின்னணியில் மனிதன் கரைந்து போகிறான். இதைச் சரிசெய்ய, வெப்பம் ஏற ஏறக் கூர்மையைக் கூட்டிக்கொள்ளும் சென்சார்கள் இருக்கின்றன. கூர்மை கூடினால் வெயில் பட்டையும் கூடவே அகப்படும். திருடனைத் தவறவிடுவது ஒரு பிழை. திருடன் இல்லாதபோது அலறுவது இன்னொரு பிழை. முதலாவதை ‘நழுவல்’ என்றும் இரண்டாவதை ‘வீண் அலாரம்’ என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே திருகை ஒரு பக்கம் திருப்பினால் நழுவல் குறையும், வீண் அலாரம் கூடும். மறுபக்கம் திருப்பினால் எதிர்மாறாக நடக்கும். கருவியை மாற்றாமல் இரண்டையும் ஒருசேரக் குறைக்கவே முடியாது.

கம்பி அறுந்தால் அலறு

மின்சார அலாரத்துக்கு 1853-இல் முதன்முதலில் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப். கதவு திறந்தால் மின்சுற்று மூடிக்கொள்ளும், மணி அடிக்கும். இதில் ஓர் ஓட்டை உண்டு. திருடன் கம்பியை அறுத்துவிட்டால் மணி அடிக்காது. எனவே பின்னால் வந்தவர்கள் முறையைத் திருப்பிப் போட்டார்கள். சுற்றில் மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் அலாரம்.

இந்தத் திருப்பம் திருடனை மடக்கியது. ஆனால் சுற்றை நிறுத்தும் எந்தக் காரணமும் இப்போது திருடனாகிவிட்டது. ஐப்பசி மழையில் ஊறிப் பருத்த மரக்கதவு நிலையைவிட்டு விலகி நிற்கிறது. கதவில் உள்ள காந்தத்துக்கும் நிலையில் உள்ள சுவிட்சுக்கும் இடைவெளி கூடுகிறது. உப்புக் காற்றில் திருகு முனைகள் பச்சை பூக்கின்றன. புயலுக்குப் பின் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போகிறது. அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பேனலில் உள்ள பேட்டரி காலியாகிறது. வெளியே மாட்டிய சைரனில் தனி பேட்டரி இருந்தால், உள்ளிருந்து வரும் மின்சாரம் நின்றதை அது ‘யாரோ கம்பியை வெட்டிவிட்டார்கள்’ என்று புரிந்துகொண்டு அலறும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் ஒலிக்கும் சைரனுக்கு யார் வருவார்கள்?

இவை தவிர, ரகசிய எண்ணை மறந்த முதலாளி, காலையில் வந்து அவசரத்தில் ஷட்டரைத் தூக்கும் புதுப் பையன். உலகெங்கும் வீண் அலாரங்களில் பெரும்பங்கு இப்படி உள்ளே இருப்பவர்களால்தான் நேர்கிறது.

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்

இனி அந்தப் படுக்கைக் கணக்கு. எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்தவை. புதுச்சேரியின் புள்ளிவிவரம் அல்ல. ஆனால் கணக்கின் போக்கு எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஓர் ஊரில் 2,000 கடைகளிலும் வீடுகளிலும் அலாரம் இருக்கிறது. நல்ல கருவிகள்தாம், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இரண்டே இரண்டு முறைதான் வீணாக அலறுகிறது. வாங்கியவரைக் கேட்டால், “வருஷத்துக்கு ரெண்டு தடவை, பரவாயில்லை” என்பார். ஆண்டுக்கு 4,000 வீண் அலாரம்.

இப்போது திருடர்கள். இந்த 2,000 இடங்களில் நூற்றுக்கு ஒன்றில் ஆண்டுக்கு ஒருமுறை திருட்டு முயற்சி நடக்கிறது என்போம். மொத்தம் 20. கருவி மிகத் திறமையானது, 20-இல் 19-ஐப் பிடித்துவிடுகிறது. விற்பவர் இதை ‘95 சதவீதத் துல்லியம்’ என்று விளம்பரம் செய்வார். அதில் பொய்யும் இல்லை.

ஆக, ஆண்டு முழுவதும் ஊரில் ஒலித்தவை 4,019. அவற்றில் உண்மையானவை 19. ஏறத்தாழ 212 அலறல்களுக்கு ஒன்று. ஒவ்வொரு நாளும் சராசரியாக 11 சைரன். அவற்றில் ஒரு மெய்யான சைரனைக் கேட்க 19 நாள் காத்திருக்க வேண்டும்.

95 சதவீதத் துல்லியம் எங்கே போனது? திருட்டு நடந்தால் அலாரம் ஒலிக்குமா என்பது ஒரு கேள்வி. அலாரம் ஒலித்தால் திருட்டு நடந்திருக்குமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு 100-க்கு 95. இரண்டாவதற்கு 200-க்கு ஒன்று கூட இல்லை. இடையில் நிற்பது, திருட்டு என்பதே அபூர்வம் என்ற உண்மை. ஒரு நிகழ்வு பொதுவாக எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்பதற்கு அடிப்படை விகிதம் என்று பெயர். அது மிகச் சிறியதாக இருந்தால், எவ்வளவு நல்ல கருவியும் வீண் ஒலிகளுக்கு நடுவே மூழ்கிவிடும். மருத்துவப் பரிசோதனைகளிலும் இதே தடுமாற்றம் உண்டு. அபூர்வ நோய்க்கு ஊர் முழுவதையும் பரிசோதித்தால், ‘இருக்கிறது’ என்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருக்காது.

சரி, கருவியை மேம்படுத்துவோம். 20 திருட்டில் 20-ஐயும் பிடிக்கும் கருவி வாங்கினால்? 201-க்கு ஒன்று. கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறோம். சைரனை இரண்டு மடங்கு சத்தமாக்கினால்? கணக்கில் ஒரு புள்ளியும் மாறாது. தூக்கம் கெடுவோர் தொகை மட்டும் கூடும்.

இப்போது வேறு வழி. ஒரு சென்சார் துடித்ததும் அலறாமல், அடுத்த சில நிமிடத்துக்குள் வேறு வகையான இன்னொரு சென்சாரும் ஒப்புக்கொண்டால் மட்டும் அலறட்டும். வீண் அலாரத்தில் 20-க்கு ஒன்றே இந்தச் சல்லடையைத் தாண்டுகிறது என்று வைப்போம். 4,000 என்பது 200 ஆகிறது. நழுவல் ஒன்று கூடி, 20-இல் 18 திருட்டுதான் பிடிபடுகிறது. மொத்தம் 218 அலறல், அவற்றில் 18 மெய். பன்னிரண்டுக்கு ஒன்று! நாளுக்கு 11 சைரன் ஒலித்த ஊரில், ஐந்து நாளுக்கு மூன்று. இந்த ஊரில் ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறந்து பார்ப்பார்.

நழுவிய அந்த ஒரு திருட்டு என்ன ஆவது? அந்த வீட்டுக்காரருக்கு இழப்பு உண்மையானது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் பழைய ஊரில் பிடிபட்ட 19-க்கும் யாரும் வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

‘வேறு வகையான’ என்ற சொல் முக்கியம். ஒரே முற்றத்தைப் பார்க்கும் இரண்டு வெப்பச் சென்சார்கள் ஒரே வெயில் பட்டைக்கு ஒன்றாகவே ஏமாறும். அதனால் ஒரு பெட்டிக்குள் வெப்பச் சென்சாரோடு நுண்ணலைச் சென்சாரையும் சேர்த்து வைக்கிறார்கள். நுண்ணலை அசைவை அறியும். வெயிலுக்கு ஏமாறாது, ஆனால் சுழலும் மின்விசிறிக்கு ஏமாறும். மின்விசிறிக்கு வெப்பச் சென்சார் ஏமாறுவதில்லை. ஒன்றின் குருட்டுப் புள்ளி மற்றதற்கு இல்லை.

காது கற்றுக்கொள்ளும் விகிதம்

தெருவாசிகள் யாரும் இந்தப் பெருக்கலைச் செய்ததில்லை. ஆனாலும் விடை அவர்களுக்குத் தெரியும். 1995-இல் ஜேம்ஸ் பிளிஸ் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும், நம்பகம் குறைந்த அலாரங்களுக்கு மனிதர்கள் எப்படி எதிர்வினை செய்கிறார்கள் என்று சோதித்து எழுதினார்கள். பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர், அலாரம் எந்த விகிதத்தில் மெய்யோ அந்த விகிதத்தை ஒட்டியே பதில் கொடுத்தார்கள். பாதி மெய்யான அலாரத்துக்குப் பாதித் தடவை. கால்வாசி மெய்யானதற்குக் கால்வாசித் தடவை. 212-க்கு ஒன்று மெய்யானால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாடத்தை நம் கரையோரம் மிகக் கொடூரமான விலை கொடுத்துக் கற்றது. 2004 டிசம்பர் 26 காலை. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு மீனவ கிராமம். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் ஊரைக் கிளப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஊரில் இருந்த 3,500-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள். தொலைபேசி மட்டும் இதைச் செய்யவில்லை. மீனவர்களுக்குப் பயன்படும் சேதிகளைச் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி அது. அதன் சொல்லை ஊர் நம்பியது.

நான்கே நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மத்திய உள்துறை அமைச்சகத்திடமிருந்து இன்னொரு சுனாமி எச்சரிக்கை வந்தது. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பி, உறுதி செய்யாமல் அனுப்பியது. கரையோரம் முழுவதும் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மீண்டும் ஓடினார்கள். நிவாரணப் பணி நின்றது. அலை வரவில்லை.

அதன்பின் ஹைதராபாதில் 2007 அக்டோபரில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையம், நாம் மேலே பார்த்த இரண்டாம் சான்று முறையையே கைக்கொள்கிறது. நிலநடுக்கம் முதல் அறிகுறி. ஆழ்கடல் தரையில் வைத்த அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் இரண்டாவது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை விடப்பட்டது. கடல்மட்ட அளவீடுகள் பேரலை இல்லை என்று காட்டியதும் அன்றைக்கே விலக்கப்பட்டது. விலக்கிய சேதியையும் காரணத்தோடு சொன்னால் அடுத்த எச்சரிக்கைக்கு மதிப்பு மிஞ்சும்.

ஐயம் நீக்கு, பிறகு கூப்பிடு

அமெரிக்க நீதித் துறை 2001-இல் வெளியிட்ட காவல் வழிகாட்டி ஒன்று, அந்நாட்டுக் காவலர்கள் ஓடிச்சென்ற திருட்டு அலாரங்களில் 100-க்கு 94 முதல் 98 வரை வீண் என்கிறது. பல நகராட்சிகள் அலாரத்துக்கு உரிமம் கட்டாயமாக்கி, வீண் அழைப்புக்கு அபராதம் விதித்தன. முதல் ஓரிரு தவறுக்கு மன்னிப்பு, பிறகு ஏறிக்கொண்டே போகும் தொகை. சால்ட் லேக் சிட்டி 2000-இன் இறுதியில் இன்னும் துணிந்தது. யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் போலீஸ் வரும் என்று விதித்தது. காவலர்கள் ஓட வேண்டிய அலாரங்கள் சுமார் 90 சதவீதம் குறைந்தன.

பிரிட்டன் அணுகியது இரண்டு வழியில். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று வீண் அழைப்பு வந்தால் அந்த அலாரத்துக்குக் காவல் துறை ஓடி வருவது நிறுத்தப்படும். சத்தத்துக்குத் தனிச் சட்டம்: 2005-இல் வந்த சட்டப்படி, உள்ளாட்சி அறிவிக்கும் பகுதிகளில் அலாரம் வைத்திருப்பவர், சாவி வைத்திருக்கும் இன்னொருவரின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். சைரன் விடாமல் 20 நிமிடமோ, விட்டுவிட்டு ஒரு மணி நேரமோ ஒலித்தால் அதிகாரி வந்து நிறுத்தலாம்.

நமக்குப் பழைய தொடர்புள்ள பிரான்சின் விதிதான் எனக்கு மிகவும் நேரானதாகத் தெரிகிறது. தொலைவிலிருந்து அலாரங்களைக் கண்காணிக்கும் நிறுவனம், போலீஸைக் கூப்பிடும் முன் ஐயம் நீக்க வேண்டும். வீட்டுக்குப் போன் செய்யலாம், ஒலியைக் கேட்கலாம், படத்தைப் பார்க்கலாம், ஆளை அனுப்பலாம். அதைச் செய்யாமல் கூப்பிட்டால் ஒவ்வோர் அழைப்புக்கும் 450 யூரோ வரை அபராதம். வீட்டுக்காரர் தலையில் கட்டாமல், அலாரத்தால் பணம் ஈட்டுகிறவரிடம் பொறுப்பை வைக்கிறது இந்த விதி.

நம் வீதிகளில்

இங்கே நிலைமை கொஞ்சம் வேறு. பெரும்பாலான கருவிகள் காவல் நிலையத்தோடு இணைந்தவை அல்ல. சைரன் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுகிறது. இப்போது உரிமையாளரின் செல்பேசியையும். ஆகவே வீண் அலாரத்தில் செலவாவது காவலர் நேரத்தைவிட அண்டை வீட்டாரின் நம்பிக்கை. ஊர்ப் பொதுக் குளத்து நீர் மாதிரி, அதை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தீர்க்கலாம். தீர்ந்தால் எல்லோருக்கும் இல்லை. ஒரு கடையின் பழுதான சென்சார், அடுத்த கடையின் நல்ல சென்சாரையும் சேர்த்தே ஊமையாக்குகிறது.

சட்டம் முற்றிலும் கைவிடவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபெல் எல்லை. ஒரு மீட்டரில் 110 டெசிபெல் எழுப்பும் சைரன், திறந்த வெளியில் தூரம் பத்து மடங்காகும்போதெல்லாம் 20 டெசிபெல் இழக்கும்: பத்து மீட்டரில் 90, நூறு மீட்டரில் 70. எல்லையைவிட 25 டெசிபெல் கூடுதல் என்றால் ஒலி ஆற்றலில் 300 மடங்குக்கு மேல். இரு பக்கமும் சுவர் நெருக்கும் நம் சந்துகளில் ஒலி எதிரொலித்து இன்னும் மெல்லவே தேயும். தனியார் இடத்தில் ஒலி எழுப்பும் கருவிக்கும் அந்த விதிகளில் எல்லை உண்டு. சைரனும் அப்படிப்பட்ட கருவிதான் என்பது என் வாசிப்பு.

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005 சட்டம் காவலாள் அனுப்புவோரைப் பற்றியே பேசுகிறது. ஒலி விதிகள் சத்தத்தைப் பற்றி மட்டும் பேசுகின்றன. அலாரம் மெய்யா வீணா என்ற கேள்வியை இரண்டுமே தொடுவதில்லை. அந்த இடத்தைப் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகள் நிரப்ப வேண்டும். பெரிய சட்டம் தேவையில்லை. வெளிச் சைரன் வைக்கும் கடைகள் பதிவு செய்து, நள்ளிரவில் வந்து திறக்கக்கூடிய சாவிக்காரர் ஒருவரைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கட்டும். குறித்த நிமிடத்தில் சைரன் தானாக நிற்கட்டும். திரும்பத் திரும்ப வீணாக ஒலித்தால், பொருத்தியவரே வந்து சரிசெய்து சான்று தரட்டும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். அலாரம் பொருத்தியவரை இந்த வாரமே அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: சென்சார் முற்றத்தையோ வெயில் விழும் ஜன்னலையோ பார்க்கிறதா? பேட்டரி மாற்றி எத்தனை ஆண்டு ஆயிற்று? சைரன் எத்தனை நிமிடத்தில் தானாக நிற்கும்? ஊருக்குப் போகும்போது சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் எண்ணைப் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள்.